நாணயங்களை எடை போட்ட கணிதப் பேராசிரியர்

ஆராய்ச்சி என்றதும் பெரும்பாலானோர் மனதில் வருவது வெள்ளை அங்கி, கண்ணாடிக் குடுவை, நுண்ணோக்கி. சினிமா கொடுத்த படம் அது! நூற்றுக்கணக்கான பழைய சுவடிகளை எதிரே பரப்பி வைத்துக்கொண்டு "இந்தப் பாட்டு உண்மையில் இவர் எழுதியதுதானா?" என்று கேட்பதும் ஆராய்ச்சிதான். காகிதமும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொண்டு பகா எண்களைத் துரத்துவதும் ஆராய்ச்சிதான். ஒரு பழைய சட்ட நூலில் எழுதியிருப்பது நாட்டில் நடந்ததா, இல்லை ஏட்டோடு நின்றுவிட்டதா என்று தேடுவதும் அதே வகைதான். எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்று. ஆனால் எதைச் சான்று என்று ஒப்புக்கொள்வது என்று வரும்போது, ஒரு துறைக்குப் போதுமானது இன்னொரு துறையின் வாசலைக்கூடத் தாண்டாது.

இந்தச் சிக்கலைத் தன் வாழ்க்கையிலேயே அனுபவித்தவர் ஒருவர் இந்தியாவில் இருந்தார். ஒரே விதமான சிந்தனை அவருக்கு ஒரு துறையில் நீங்காத புகழையும், இன்னொரு துறையில் பெரிய சறுக்கலையும் தந்தது. அவர் பெயர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி.

1907 ஜூலை 31 அன்று, அப்போது போர்த்துகீசியர் ஆண்டுகொண்டிருந்த கோவாவில் பிறந்தவர். தந்தை தர்மானந்த கோசாம்பி இலங்கை வரை போய்ப் பாலி மொழி கற்ற பௌத்த அறிஞர். பாலி நூல் ஒன்றைப் பதிப்பிக்கும் வேலைக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. 1918இல் அவர் அமெரிக்கா போனபோது பதினொரு வயது மகனும் கூடவே போனான். பள்ளிப் படிப்பு அங்கே, பிறகு ஹார்வர்டிலேயே பட்டப்படிப்பு. பிர்காப் என்ற புகழ்பெற்ற கணித மேதை, "கணிதத்தில் மட்டும் கவனம் செலுத்து" என்று சொல்லிப் பார்த்தார். மாணவர் கேட்கவில்லை. மொழிகள், வரலாறு என்று கிடைத்த பாடத்தையெல்லாம் எடுத்தார். 1929இல் மிக உயர்ந்த தகுதியோடு பி.ஏ. பட்டம் பெற்று இந்தியா திரும்பினார். அதற்குமேல் அவர் எந்தப் பட்டமும் படித்து வாங்கவில்லை. டாக்டர் பட்டம் கிடையாது. வரலாற்றில் அந்த பி.ஏ. கூடக் கிடையாது.

காசியில் கொஞ்ச காலம், அலிகாரில் கொஞ்ச காலம், பிறகு புனேயின் பெர்குசன் கல்லூரி. அலிகார் காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே கணிதத் துறையில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே வெய் தூண்டிவிட்டதில், கோசாம்பி 1931இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். "பூர்பாக்கி" என்ற ரஷ்யக் கணித அறிஞரின் தேற்றத்தைப் பற்றிய கட்டுரை. அப்படி ஒரு ரஷ்யர் இருந்ததே இல்லை! கொஞ்சம் தலைக்கனம் பிடித்த சக ஆசிரியர் ஒருவரைச் சீண்டுவதற்காகச் செய்த குறும்பு அது. சில ஆண்டுகள் கழித்து வெய்யும் அவர் நண்பர்களும் பிரான்சில் "பூர்பாக்கி" என்ற புனைபெயரில் கூட்டாக எழுத ஆரம்பித்து இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தையே மாற்றினார்கள். அந்தப் பெயர் முதன்முதலில் ஒரு கணிதக் கட்டுரையில் அச்சேறியது இந்தியாவில்தான்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம்.

பெர்குசன் கல்லூரியில் இருந்த காலத்தில் கோசாம்பிக்குப் புள்ளியியல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. புத்தகத்தில் இருக்கும் கணக்குகளைப் போட்டுக் கற்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நிஜமான தரவு வேண்டும். அப்படித் தேடியபோது கண்ணில் பட்டவை முத்திரை நாணயங்கள். இந்தியாவின் மிகப் பழைய காசுகள் இவை. வெள்ளித் தகட்டை வெட்டி, எடை சரிபார்த்து, அதன்மேல் சூரியன், யானை, மலை, மரம் போன்ற சின்னங்களை ஒவ்வொன்றாகக் குத்தியிருப்பார்கள். அரசன் பெயர் இருக்காது, ஆண்டு இருக்காது, ஒரு எழுத்துகூட இருக்காது. எந்தக் காசு முந்தையது, எது பிந்தையது என்பதைச் சின்னங்களின் அழகை வைத்தும் ஊகத்தை வைத்தும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1924இல் தட்சசீலத்தில் (இன்றைய பாகிஸ்தான்) பீர் மேட்டில் ஒரு புதையல் கிடைத்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். அவற்றோடு கலந்து, அப்போதுதான் அச்சடித்தது போலப் புத்தம்புதிதாக மூன்று கிரேக்கக் காசுகள்: இரண்டு அலெக்சாண்டருடையவை, ஒன்று அவருக்குப் பின் வந்த பிலிப் அரிடேயசுடையது. ஆகவே அந்தப் பானை மண்ணுக்குள் போனது கி.மு. 317ஐ ஒட்டிய காலம் என்று தெரிந்தது. புதைத்த காலம் தெரிந்துவிட்டது. ஆனால் பானைக்குள் இருந்த காசுகளில் மூத்தது எது, இளையது எது? தொல்லியல் துறை அந்தக் காசுகளின் எடைகளைப் பட்டியல் போட்டு 1939இல் வெளியிட்டது. வரலாற்று ஆசிரியர்கள் அந்த எண்களைத் தாண்டிச் சின்னங்களின் படங்களுக்குப் போனார்கள். கோசாம்பி எண்களில் நின்றார்.

வணிகவியல் மாணவர்களுக்குத் தேய்மானம் என்றால் இயந்திரமும் மேசை நாற்காலியும்தான் நினைவுக்கு வரும். காசும் தேயும். கைமாறும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போகும். ஒரே ஒரு காசை எடுத்து நிறுத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது, ஏனென்றால் அது நிறையக் கைமாறியதா, பெட்டிக்குள் தூங்கியதா என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே சமயத்தில் வெளியிட்ட காசுகளைக் கூட்டமாக எடுத்துக்கொண்டால் இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும். ஆண்டுகள் ஏற ஏற சராசரி எடை குறையும். அதே நேரம் சிதறல் கூடும், ஏனென்றால் நிறைய உழைத்த காசுக்கும் உழைக்காத காசுக்கும் இடையே வித்தியாசம் பெருகிக்கொண்டே போகும்.

இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. தன் காலத்தில் புழங்கிய நாணயங்களை, ஆண்டு பொறித்த ரூபாய், அணா வகைகளை, ஆயிரக்கணக்கில் வாங்கித் துல்லியமான தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தார். வெளியான ஆண்டு தெரிந்த காசில் விதி பொருந்துகிறதா என்று பார்த்தால்தானே ஆண்டு தெரியாத காசுக்குப் போக முடியும்? பொருந்தியது. எடை இழப்பு ஏறத்தாழ ஆண்டுகளுக்கு நேர் விகிதத்தில் இருந்தது. (பாடப் புத்தகத்தில் வரும் நேர்கோட்டு முறைதான்!)

அடுத்து தட்சசீலக் காசுகள். ஒரே முன்பக்கச் சின்னங்கள் கொண்டவற்றை ஒரு குழுவாகச் சேர்த்து, குழுவின் சராசரி எடையைப் பார்த்தார். எல்லாம் ஒரே பானையில், ஒரே நாளில் மண்ணுக்குள் போனவை. ஆகவே மண் அரித்தது எல்லாவற்றுக்கும் பொது. எஞ்சும் வித்தியாசம் புழக்கத்தால் வந்தது. எடை குறைந்த குழு மூத்தது, கூடிய குழு இளையது. எழுத்தே இல்லாத காசுகள் வரிசையில் நின்றன.

இதில் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. காசுகளின் பின்பக்கத்தில் சிறுசிறு முத்திரைகள் இருக்கும். ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் ஐந்து, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. இவை என்னவென்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கோசாம்பி முத்திரைகளின் எண்ணிக்கையை எடையோடு சேர்த்துப் பார்த்தார். முத்திரை கூடக்கூட எடை குறைந்தது. அப்படியென்றால் அவை அலங்காரம் அல்ல. காலம் விட்டுக் காலம் யாரோ காசைச் சோதித்து, "இது செல்லும்" என்று குத்தியவை. தொடக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் வணிகக் குழுக்கள் என்பது அவர் கருத்து. சுருக்கமாகச் சொன்னால், அது இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய தணிக்கை முத்திரை!

இங்கேதான் சட்டமும் வந்து சேர்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பல நூற்றாண்டுகள் பெயரளவில் மட்டும் தெரிந்த நூல். அதன் சுவடி 1905இல் மைசூரில் சாமசாஸ்திரியின் கைக்கு வந்து, 1909இல் அச்சானது. அதில் அக்கசாலை அதிகாரி தனி, காசுகளைப் பரிசோதிக்கும் "ரூபதர்சகன்" தனி. காசு அடிக்க நூற்றுக்கு எட்டு, இன்னொரு வரியாக நூற்றுக்கு ஐந்து, பரிசோதனைக் கட்டணமாக நூற்றுக்கு அரைக்கால் என்று விகிதங்கள்கூடக் கொடுத்திருக்கிறது. படிப்பவருக்கு எல்லாம் தெளிவாகத் தோன்றும். ஆனால் சட்ட நூலைச் சான்றாக எடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. "இப்படிச் செய்ய வேண்டும்" என்றுதான் சட்டம் சொல்லும். அப்படி நடந்ததா என்று சொல்லாது. இன்றைய சட்டங்களை மட்டும் படித்துவிட்டு இந்தியாவில் வரதட்சணையே கிடையாது என்று இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் எழுதினால் எப்படியிருக்கும்? காசின் பின்பக்க முத்திரையும் எடையும் அந்த இடத்தில் கைகொடுக்கின்றன. இப்படி ஒரு சோதனை நடைமுறையில் இருந்தது என்பதற்கு வெள்ளியே சாட்சி.

கோசாம்பி சொன்னதெல்லாம் நிலைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தச் சின்னம் இந்த அரசனுடையது என்று அவர் பொருத்திய சில இடங்களைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. எல்லாக் காசும் ஒரே வேகத்தில்தான் புழங்கின என்பதையும் கேள்வி கேட்டார்கள். அதில் தவறில்லை. சின்னம் அழகாக இருக்கிறது, ஆகவே பழையது என்று சொன்னவரோடு வாதாட வழியில்லை. எடை இவ்வளவு, ஆகவே பழையது என்று சொன்னவரோடு வாதாடலாம்.

காசுகளை வரிசைப்படுத்தியதும், அவற்றை வெளியிட்ட அரசர்கள் யார் என்ற கேள்வி வந்தது. அதற்குப் புராணங்களையும் வடமொழி நூல்களையும் படிக்க வேண்டியிருந்தது. படித்தால் பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே பதிப்பு வேலையிலும் இறங்கினார். பர்த்ருஹரியின் பாடல்களுக்கு நூற்றுக்கணக்கான சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டு 1948இல் ஆய்வுப் பதிப்பு கொண்டுவந்தார். மூன்று சதகம் என்றால் முந்நூறு பாட்டு இருக்க வேண்டும். சுவடிகளிலோ எண்ணூறுக்கும் மேல் இருந்தன! எல்லா வகைச் சுவடியிலும் பொதுவாக வருபவை ஏறத்தாழ இருநூறுதான். மற்றவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்று தனியே வைத்தார். பாடபேதம் பார்க்கிற தமிழ்ப் பதிப்பாசிரியர்களுக்கு இது பழக்கமான வேலை. கணிதக்காரர் ஒருவர் செய்ததுதான் புதுமை.

விடுமுறை நாட்களில் கைத்தடியோடு புனேயைச் சுற்றிய குன்றுகளில் நடப்பார். கால்நடை மேய்ப்பவர்கள் போகும் தடங்கள், முச்சந்தியில் சிந்தூரம் பூசிய கல் தெய்வங்கள், கற்காலச் சில்லுகள் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கார்லே போன்ற பௌத்தக் குகைகள் ஏன் மலையின் அந்த இடத்தில் இருக்கின்றன என்று கேட்டவர்களுக்கு, அவை கடற்கரையிலிருந்து மேட்டுநிலத்துக்கு ஏறும் வணிகப் பாதையில் இருப்பதைக் காட்டினார். அங்கே தானம் செய்தவர்களின் கல்வெட்டுகளில் வணிகர்கள் வருகிறார்கள், யவனர்கள் வருகிறார்கள். 1956இல் வந்த "இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஓர் அறிமுகம்" இந்த நடையிலும் தராசிலும் சுவடியிலும் விளைந்த நூல். அரசர் பட்டியலும் போர்களின் பட்டியலுமாக இருந்த வரலாற்றை, மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விக்குத் திருப்பியதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. மார்க்சியர் என்பதால் எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் மார்க்ஸே ஆசிய நாடுகளைப் பற்றிச் சொன்னதை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது என்று எழுதியவரும் அவர்தான்.

நடுவே மரபணுவியலில் ஒரு வாய்பாடு. ஒரே குரோமோசோமில் இருக்கும் இரண்டு மரபணுக்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று, அவை அடுத்த தலைமுறையில் எத்தனை முறை பிரிந்து போகின்றன என்பதை வைத்துக் கணிப்பார்கள். இடையில் இரண்டு முறை மாற்றம் நடந்தால் மாறாதது போலவே தோன்றிக் கணக்கு ஏமாற்றிவிடும். ஹால்டேன் 1919இல் ஒரு திருத்தம் கொடுத்திருந்தார். ஓரிடத்தில் நடக்கும் மாற்றம் பக்கத்தில் இன்னொன்று நடப்பதைத் தடுக்கும் என்பதையும் சேர்த்து கோசாம்பி 1940களின் தொடக்கத்தில் வேறொரு வாய்பாடு தந்தார். நெல்லுக்கும் கோதுமைக்கும் மரபணு வரைபடம் போடுகிறவர்கள் இன்றும் கணினியில் "கோசாம்பி" என்ற தேர்வை அமுக்குகிறார்கள்.

இவ்வளவும் செய்தவர் பிழைப்புக்குக் கணிதப் பேராசிரியர். ஹோமி பாபா தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆரம்ப காலத்திலேயே சேர்ந்தார். புனேயிலிருந்து பம்பாய்க்கு டெக்கான் குயீன் ரயிலில் தினமும் போய் வந்தார். இனி வருவது சறுக்கல்.

1859இல் ரீமான் என்ற ஜெர்மானியர் பகா எண்களின் பரவலைப் பற்றி ஓர் ஊகத்தை எழுதி வைத்துவிட்டுப் போனார். கணிதத்தில் இன்றுவரை தீராத கேள்விகளில் முதலிடம் அதற்குத்தான். 2000இல் அமெரிக்காவின் கிளே நிறுவனம் அதற்கு பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் அங்கேயே இருக்கிறது. கோசாம்பி இதைத் தீர்க்கப் புள்ளியியலை எடுத்தார். பகா எண்கள் ஏறக்குறைய தற்செயலாக விழுந்த புள்ளிகளைப் போல நடந்துகொள்கின்றன, ஆகவே நிகழ்தகவின் விதிகளால் அவற்றைப் பிடிக்கலாம் என்பது அவர் எண்ணம். 1959இல் அந்தக் கட்டுரை வெளியானது. எங்கே தெரியுமா? இந்திய வேளாண் புள்ளியியல் சங்கத்தின் இதழில்!

கணித உலகம் ஏற்கவில்லை. காரணம் எளிது. பகா எண்கள் தற்செயலானவை அல்ல. 7 பகா எண், 9 இல்லை, இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. தற்செயல் போலத் தோன்றுகிறது என்பதிலிருந்து தற்செயலின் விதிகளுக்குக் கட்டுப்பட்டே தீரும் என்று தாவ முடியாது. "இத்தனை கோடி எண்களில் பொருந்துகிறதே" என்று சொல்லவும் கணிதத்தில் இடமில்லை. இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஓர் எண் வரை எத்தனை பகா எண்கள் உள்ளன என்று மதிப்பிட ஒரு வாய்பாடு உண்டு. மிகச் சிறிய எண்களை விட்டால், எண்ணிப் பார்த்த இடத்திலெல்லாம் மதிப்பீடு உண்மையைவிடச் சற்றே கூடுதலாக வரும். எப்போதும் அப்படித்தான் என்று யாரும் நம்புவார்கள். 1914இல் லிட்டில்வுட், அது தலைகீழாகும் இடங்கள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்தார். அப்படி நிகழ்வதாக இன்று தெரிந்த இடமே முந்நூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட ஓர் எண்ணுக்கு அருகில்தான். ரீமான் ஊகத்தையும் கணினிகள் லட்சம் கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளில் சரிபார்த்துவிட்டன. ஒன்றுகூடத் தவறவில்லை. அது நிரூபணம் ஆகவில்லை.

தட்சசீலக் காசில் இப்படி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆயிரம் காசின் சராசரி சொன்னால் வரலாற்றுக்குப் போதும். மரபணுவுக்கும் போதும். சுவடியில்கூட "பெரும்பாலும் இவருடையது" என்பதே நல்ல முடிவு. பகா எண் மட்டும் "பெரும்பாலும்" என்ற சொல்லை வாங்கிக்கொள்ளாது. பத்து இடத்தில் திறந்த சாவி பதினோராவது பூட்டில் மாட்டிக்கொண்டது. எல்லாரையும்விட இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியவர் ஹார்வர்டில் கணிதம் படித்த அவர்தான் என்பதுதான் வருத்தம்.

1962இல் டாட்டா நிறுவனத்தில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ரீமான் கட்டுரை ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று சொல்வதும் கடினம். அவர் உலக அமைதி இயக்கத்தில் தீவிரமாக இருந்தார், வெயில் கொட்டும் நாட்டுக்குச் சூரிய சக்திதான் பொருத்தம் என்று பேசினார். அவருடைய இயக்குநரோ இந்தியாவின் அணுசக்தித் திட்டத்துக்கே தலைவர். கோபக்காரர் என்ற பெயரும் கோசாம்பிக்கு உண்டு.

வேலை போன பிறகும் பகா எண்களை விடவில்லை. "எஸ். டுக்ரே" என்ற புனைபெயரில் அவற்றைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். இல்லாத ரஷ்யரை வைத்து விளையாடியவர், கடைசியில் தானே இல்லாத ஒருவராகக் கையெழுத்துப் போட்டார். வரலாற்று வேலையோ அந்த ஆண்டுகளில்தான் கொழித்தது. 1962இல் ஒரு நூல், 1965இல் ஒரு நூல், இரண்டும் இன்றுவரை மறுபதிப்பு காண்கின்றன.

1966 ஜனவரி 24 அன்று ஹோமி பாபா ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அடுத்த மாதம், அமெரிக்காவின் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் கோசாம்பியின் கட்டுரை ஒன்று வந்தது. நாணயங்களின் எடையை வைத்து அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது என்பதைப் பற்றி, இருபத்தைந்து ஆண்டு வேலையைப் பொது வாசகர்களுக்குப் புரியும்படி சொல்லியிருந்தார். ஜூன் 29 அன்று புனேயில், தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 58.